இராத்திரியே பாதி சமையல்

வழக்கமா இந்தப் பக்கத்துல நெல்லு, உளுந்து, வாய்க்கால் தண்ணின்னுதான் எழுதுவேன். இந்தத் தடவை அடுப்படி பத்தி எழுதுறேன். விவசாயிக்கு இது என்ன வேலைன்னு சிரிக்காதீங்க. விளைய வைக்கிறவன் அதைத் தின்னத் தெரியாம இருந்தா என்ன பிரயோசனம்னு ஆறு வாரத்துல புரிஞ்சுகிட்டேன்.

பங்குனியில உளுந்து எடுத்துக்கிட்டு இருந்தப்ப என் வீட்டம்மா களத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. வலது கை மணிக்கட்டுல எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டாச்சு. ஆறு வாரம் கை அசையக்கூடாது. வீட்டுல ஆறு பேர். நானும் அவங்களும், மகன், மருமகள், பேரன், எங்க அம்மா. மருமகள் காரைக்கால் டவுன்ல ஒரு மருந்துக்கடையில வேலை பார்க்குது. காலையில 8 மணி பஸ்ஸை விட்டா அடுத்தது எப்பன்னு நிச்சயம் கிடையாது. மகனுக்கு ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு எண்பது தாண்டிருச்சு. மிச்சம் இருந்தது நான்தான். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில டீ போட்டதைத் தவிர அடுப்புக்கிட்ட போனது கிடையாது.

முதல் வாரம் என்ன பண்ணினேன்? எல்லாரும் பண்ணுறதைத்தான். காலையில ஓட்டல் இட்லி, இராத்திரி பரோட்டா. பேரனுக்கு ரெண்டு நிமிஷத்துல வேகுற நூடுல்ஸ் பாக்கெட். பணம் போனது ஒரு பக்கம். ஆறு பேர் காலைச் சாப்பாட்டுக்கு 250 ரூபாய் பத்தல. அந்த வாரக் கடைசியில ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை வாங்கப் போனேன். சர்க்கரையைப் பார்த்த நர்சம்மா, "என்னய்யா இது, வயல் வேலை செய்யுற ஆளுக்கு இம்புட்டு ஏறியிருக்கு?"ன்னு கேட்டாங்க. வாயைத் திறக்க முடியல.

இது என் ஒருத்தன் கதை இல்லீங்க. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வுன்னு ஒண்ணு இருக்கு. நாடு முழுக்க எடுத்த கணக்கு. அதுல சர்க்கரை நோய் அதிகமா இருக்குற இடம் கோவா, 26.4 சதவீதம். அடுத்தது நம்ம புதுச்சேரி, 26.3 சதவீதம். அதாவது வளர்ந்த ஆளுங்க நாலு பேருல ஒருத்தருக்கு மேல. சுத்தி நெல்லு, கடல்ல மீனு, வரப்புல கீரை. இவ்வளவும் இருந்து இந்த இடத்துல வந்து நிக்கிறோம்.

கேட்டா ஒரே பதில், "நேரம் இல்லை." பொய்னு சொல்ல மாட்டேன். நேரம் இல்லாததுதான் உண்மை. ஆனா நேரம் இல்லாதவங்க நம்ம காலத்துலதான் புதுசா பொறந்தாங்களா? நடவுக்குப் போற பொம்பளைங்க விடியக்காலம் 6 மணிக்கு வயல்ல கால் வச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி வீட்டு வேலையும் முடிச்சிருப்பாங்க. அவங்களைவிட நேரம் இல்லாதவங்க யாரு? அவங்க தூக்குச்சட்டியில சோறு இல்லாமயா வந்தாங்க?

எங்க வீட்டம்மா கட்டுப்போட்ட கையோட திண்ணையில உட்கார்ந்து ஒரு நாள் சொன்னாங்க: "ஏங்க, நீங்க காலையில எந்திரிச்சு சமையலை ஆரம்பிக்கிறீங்க. அதான் முடியல. சமையல் முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பிக்கணும்." நாத்து விடாம நடவுக்குப் போனது மாதிரிதான் நான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அன்னையிலேருந்து அவங்க சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல காலண்டர் பின்பக்கம் ஏழு நாளுக்கு என்ன சாப்பாடுன்னு எழுதினோம். பக்கத்துல திருக்குவளைப் பள்ளிக்கூடத்துலதான் 2023 ஆகஸ்ட் 25-ல தமிழ்நாட்டுக் காலை உணவுத் திட்டத்தை எல்லா ஊருக்கும் விரிவாக்கினாங்க. அங்க இன்ன கிழமைக்கு உப்புமா, இன்ன கிழமைக்குக் கிச்சடி, பொங்கல்னு முன்னாடியே வகுத்து வச்சிருக்காங்க. அத்தனை பிள்ளைங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடணும்னா அப்படித்தான் முடியும். நம்ம வீட்டுலயும் பாதி நேரம் "இன்னைக்கு என்ன செய்யுறது"ன்னு யோசிக்கிறதுலதான் போகுது.

ரெண்டாவது, பயறு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிக்கிற பயிருக்குள்ள உளுந்தும் பச்சைப்பயறும் தெளிச்சு விடுறோம். எடுத்ததும் வியாபாரிக்குப் போட்டுட்டு, வீட்டுக்குக் கடையில பாக்கெட் பருப்பு வாங்குறோம்! இந்த வருஷம் 30 கிலோ பயறு வீட்டுக்குன்னு நிறுத்தி வச்சேன். காலையில ரெண்டு கைப்பிடி ஊற வச்சா இராத்திரி தண்ணியை வடிச்சு ஈரத்துணியில முடிஞ்சு தொங்க விட்டுடலாம். மறுநாள் காலையில முளை எட்டிப் பார்க்கும். அஞ்சு நிமிஷம் ஆவியில வேக வச்சு, கடுகு தாளிச்சு, மாங்காய் கொஞ்சம் சீவிப் போட்டா போதும். விலைக்கு வாங்கினாலும் கிலோ நூத்துச் சொச்சம். ஒரு கிலோ எங்க வீட்டுக்கு ஒரு வாரம் வருது. தோலோட இருக்குற கறுப்பு உளுந்தை வறுத்து மாவா அரைச்சு வச்சிருந்தா, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்டுக் களி கிண்டப் பதினைஞ்சு நிமிஷம். எனக்குக் கருப்பட்டி ஆகாது, மத்தவங்களுக்கு.

மூணாவது, முருங்கை. கீரை உருவ நேரம் இல்லைன்னு மரத்துலயே விட்டுடுறோம். சாயங்காலம் கொத்தை ஒடிச்சுட்டு வந்து துணியில சுத்தி வச்சுட்டுப் படுங்க. காலையில உதறினா இலை முக்கால்வாசி தானா உதிர்ந்து கிடக்கும். இது எங்க அம்மா சொன்ன வித்தை. அம்பது வருஷமா இந்த வீட்டுல நடக்குது. எனக்கு இப்பதான் தெரியும்.

நாலாவது, ஞாயித்துக்கிழமை வேலை. ரெண்டு மணி நேரம் ஒதுக்குறோம். இட்லி மாவு மூணு நாளைக்கு. பருப்புப் பொடி ஒரு டப்பா: துவரம் பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, பூண்டு, காய்ஞ்ச மிளகாய், உப்பு. புளிக்காய்ச்சல் ஒரு ஜாடி. எண்ணெய் மேல மிதக்குற மாதிரி சுண்ட வச்சு, ஈரக்கரண்டி போடாம இருந்தா பதினைஞ்சு நாளைக்கு வெளியிலயே இருக்கும். வடிச்ச சோறு இருந்தா மருமகள் டிபன் பாக்ஸ் அஞ்சு நிமிஷத்துல தயார். பங்குனி வெயில்ல போட்ட கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல் தொட்டுக்க.

அஞ்சாவது, மீன். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிடும். அதுக்கு முன்னாடியே காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு பக்கம் நெத்திலிக் கருவாடு வாங்கி வெயில்ல ஒரு தரம் காய வச்சு டப்பாவுல போட்டு வச்சுக்கிட்டா அந்த ரெண்டு மாசமும் ஓடும். உப்புக் கொதிப்பு இருக்குறவங்க மட்டும் அளவா சாப்பிடுங்க. மத்த நாள்ல மத்தி மீன் மலிவு. வஞ்சிரம்தான் மீன்னு நினைக்க வேண்டாம்.

கடைசியா பழையது. இராத்திரிச் சோறு நல்லா ஆறினதும் மூழ்குற அளவு தண்ணி ஊத்தி மண்சட்டியில மூடி வச்சா, காலையில மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போதும். புழுங்கல் அரிசியா இருந்தா நல்லது. சூட்டோட மூடி வச்சா கெட்டுப்போகும். நம்ம ஊரு வெயிலுக்கு விடிஞ்சதும் சாப்பிட்டுடணும், மத்தியானம் வரைக்கும் வைக்கக்கூடாது. வாடை மாறிட்டா மாட்டுக்கு ஊத்திடுங்க. ஒடிசாக்காரங்க இதையே பக்காளன்னு சொல்லி மார்ச் 20-ல அதுக்குன்னு ஒரு நாளே கொண்டாடுறாங்க. 2021-ல ஆஸ்திரேலியாவுல டிவி சமையல் போட்டியோட கடைசிச் சுத்துல கிஷ்வர் சௌத்ரிங்கிற பெங்காலிப் பொண்ணு பழைய சோத்தை வச்சே மூணாவது இடம் வந்துச்சு. நம்ம சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில குடல் நோய்க்குப் பழைய சோறு உதவுமான்னு ஆராய்ச்சியே எடுத்தாங்க.

ஆனா ஒண்ணு. பழையதைப் பெருமையாப் பேசுறவங்களோட முழுசா நான் ஒத்துப்போக மாட்டேன். ரெண்டு காரணம். ஒண்ணு, ஊற வச்சாலும் அது சோறுதான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம், பருப்பு வகை 85 கிராம்னு போட்டிருக்கு. நம்ம தட்டு தலைகீழா இருக்கு. சோறு மலை, கூட்டு ஒரு கரண்டி. நான் இப்ப பழையது ரெண்டு கரண்டி, பயறு ஒரு கிண்ணம்னு மாத்திக்கிட்டேன். அடுத்த மாசம் நர்சம்மா திட்டல. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. மாத்திரையை நிறுத்தல, நீங்களும் யாரும் நிறுத்தாதீங்க.

ரெண்டாவது காரணம்தான் மனசைக் குத்துறது. எங்க வீட்டுல இத்தனை வருஷம் பழையது யாரு சாப்பிட்டாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குச் சுடச்சுட இட்லி. பிள்ளைக்குத் தோசை. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகு மிஞ்சின பழையதும் ஊறுகாயும் எங்க அம்மாவுக்கு. பிறகு எங்க வீட்டம்மாவுக்கு. அதை நாங்க ஆரோக்கியம்னு சொல்லிக் கொடுக்கல. மிச்சம்னுதான் கொடுத்தோம். "நேரம் இல்லை"ன்னு வீட்டுல யாராவது சொன்னா, அது யாரோட நேரம்னு கேட்கணும். மருமகள் வேலைக்கும் போய்ட்டு, காலையில அஞ்சு மணிக்கு அடுப்பும் பத்த வைக்கணும்னா அதுக்கு எந்தச் சமையல் குறிப்பும் உதவாது. துணியில பயறு முடியுறதுக்கு ஆம்பளைக் கை போதும். கீரைக் கொத்து சுத்துறதுக்கும் போதும். இது உதவி இல்லீங்க, நம்ம பங்கு.

காரைக்கால்ல ஆனி மாசம் மாங்கனித் திருவிழா வருது. மாடியிலேருந்து மாம்பழம் இறைக்கிறதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கதையை நினைச்சுப் பாருங்க. பசியோட அடியார் வந்து நிக்கிறார். சோறு ஆயிருச்சு, கறி இன்னும் ஆகல. புனிதவதி அம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கல. வீட்டுல இருந்த மாம்பழத்தைச் சோத்தோட வச்சுப் பசியாத்தினாங்க. ஒரு சோறு, ஒரு பழம். நம்ம ஊரு அம்மா நமக்குக் காட்டின வழி அதுதான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நம்ம மாநிலத்துல பல வருஷம் ரேஷன் கடை மூடிக்கிடந்து, அரிசிக்குப் பதிலா வங்கியில பணம் போட்டாங்க. 2024 தீபாவளி சமயம் திரும்பத் திறந்தாங்க, சந்தோஷம். ஆனா கொடுத்தது அரிசியும் சர்க்கரையும். சர்க்கரை நோயில ரெண்டாவது இடத்துல இருக்குற மாநிலத்துல! எல்லையைத் தாண்டினா தமிழ்நாட்டு ரேஷன்ல துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குப் போடுறாங்க. இங்க துவரைகூட வேண்டாம். நெடுங்காடு, திருநள்ளாறு, கோட்டுச்சேரி வயல்ல விளையுற உளுந்தையும் பயறையும் எங்ககிட்ட நியாய விலைக்கு வாங்கி அதே கடையில போடுங்க. எங்களுக்கும் விலை கிடைக்கும், சனங்க தட்டுலயும் பருப்பு ஏறும்.

மாவுக்கட்டு பிரிச்சாச்சு. வீட்டம்மா திரும்ப அடுப்படிக்கு வந்துட்டாங்க. ஆனா சாயங்காலம் பயறு முடியுறது இன்னும் என் வேலைதான். நேத்து மறந்துட்டேன். "என்னங்க, நாளைக்கு உங்களுக்கு ஓட்டல் இட்லியா?"ன்னு கேட்டாங்க. எந்திரிச்சுப் போய் முடிஞ்சுட்டு வந்துதான் படுத்தேன்.