கிணற்றுக்குள் ஈயம் இறங்குமுன்: பழைய பற்றரிகள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, வலிகாமம் வடக்கு பிரதேச சபை
அனுப்புநர்: காங்கேசன்துறையில் மீளக் குடியேறிய குடும்பங்களின் சங்கம்
விடயம்: பாவித்த பற்றரிகளைச் சேகரித்தலும் நச்சு உலோகங்களைக் கட்டுப்படுத்தலும்

1990களின் பொருளாதாரத் தடையில் ஒரு டோர்ச் பற்றரிக்கே குடாநாடு தவித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இச்சங்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். இப்போது ஓட்டோ, மோட்டார் சைக்கிள், சூரியமின் தொகுதி என்று எங்கும் பற்றரிதான். பழுதானபின் அது எங்கே போகிறது?

ஈய அமிலப் பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதைக் கோடரியால் பிளந்தால் ஈயத்தூள் கலந்த அமிலம் நிலத்தில் கொட்டும். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அமிலம் பட்ட இடத்தில் கல் நுரைத்துப் பொங்கும். 1950இல் சீமெந்துத் தொழிற்சாலையை இவ்வூருக்குக் கொண்டுவந்த அதே கல்தான். வெடிப்பும் துவாரமுமான அந்தக் கல் நஞ்சை மறிக்காது, நேரே நிலத்தடி நீருக்கு விட்டுவிடும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இங்கே சனம் நம்பியிருப்பது கிணற்றைத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை யாரும் மறக்கவில்லை. உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட 2019 ஆயிற்று.

எண்ணெய் மணக்கும். ஈயத்துக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. செனகலின் தியாரோயில், பழைய பற்றரியிலிருந்து ஈயம் பிரித்த குடியிருப்பில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், இக்கழிவைக் கையாள அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. பெற்றோலிலிருந்து 2002இல் ஈயத்தை நீக்கிய நாடு இது. நாகபட்டினத்துக் கப்பல் வந்து சேருவது எங்கள் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குத்தான். அக்கரையான இந்தியாவில் 2022 முதல், பாவித்த பற்றரியைத் திரும்பச் சேர்ப்பது தயாரிப்பாளரின் கடமை.

அந்தக் கடமை இங்கும் சட்டமாகவேண்டும். பற்றரி விற்கும்போதே ஒரு வைப்புத்தொகையை அறவிட்டு, பழையதைக் கொண்டுவருபவருக்கு அதைக் கடை திருப்பிக் கொடுக்கவேண்டும். பழைய இரும்பு வியாபாரி கூடுதலாகத் தந்தால் சனம் அவரிடம்தான் கொடுக்கும், அது இயல்பு. அவரைத் துரத்தாமல், பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் கொடுத்துச் சேகரிப்பாளராக்கலாம். உடைப்பதை மட்டும் அடியோடு தடுக்கவேண்டும். சிறு பற்றரிகளில் பாதரசம் 0.0005 சதவீதத்தையும் காட்மியம் 0.002 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்ற ஐரோப்பிய வரம்பை இறக்குமதியிலேயே விதிக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல், இந்த மாரி தொடங்குமுன் பாடசாலைக் கிணறுகளில் ஈயப் பரிசோதனை செய்து, முடிவைப் பிரதேச சபை அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும். மாதிரி எடுக்க வருபவர்களுக்கு வாளியும் கயிறும் துணைக்கு ஆளும் சங்கம் தரும்.