குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையா இருக்கா? ஹெல்மெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

மூன்று மாதக் குழந்தையின் பின்தலை ஒரு பக்கமாகத் தட்டிப்போய் இருக்கிறது. "தானா சரியாயிடும்" என்கிறார் பாட்டி. செல்போனைத் திறந்தால், தலையை உருண்டையாக்கும் தலையணை, ஹெல்மெட் என்று விளம்பரங்கள் வருகின்றன. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலும் பல இளம் பெற்றோர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குழம்புகிறார்கள்.

யார் சொல்வது சரி? பெரும்பாலும் பாட்டிதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு சும்மா இருந்துவிடக் கூடாத ஒரு நிலையும் உண்டு.

ஏன் தட்டையாகிறது?

பச்சிளங்குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள், நடுவில் இணைப்புகள். முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதத்துக்கு சுமார் 2 செ.மீ. கூடுகிறது. அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அதன்பின் அரை செ.மீ. தான். வேகமாக வளரும் அந்த நாட்களில் தலை ஒரே பக்கம் அழுந்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் தட்டையாகும். இதனால் மூளை நசுங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை.

1990-களில் அமெரிக்காவில் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. கூடவே தட்டைத் தலையும் அதிகமானது. அதற்காகக் குப்புறத் தூங்க வைத்துவிடாதீர்கள். தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் குப்புற. இதுதான் கணக்கு.

நம்ம வீடுகளில் பாய் எப்போதும் சுவரோரம் ஒரே திசையில் கிடக்கும். குழந்தை அம்மா குரலும் வெளிச்சமும் வரும் பக்கமே திரும்பும். ஒரு நாள் தலைமாட்டை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் மாற்றிப் போடுங்கள். தூளியிலேயே நாள் முழுக்க விட்டால் கழுத்தைத் திருப்ப இடமிருக்காது. அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இடுப்பில், தோளில் தூக்கி வைத்திருக்கும் நேரமெல்லாம் பின்தலைக்கு ஓய்வு. செலவு ஒரு பைசா இல்லை.

எப்போது தாமதிக்கக் கூடாது?

குழந்தை எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கிறது, மறுபக்கம் திருப்பினால் அழுகிறது என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். இதற்கு பிசியோதெரபி உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று அரிதானது, ஆனால் முக்கியமானது. மண்டை ஓட்டின் இணைப்பு முன்கூட்டியே மூடிக்கொள்வது. சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் இது வரும். பிறந்ததிலிருந்தே தலை கோணலாக இருப்பது, விரலால் தடவினால் எலும்பு மேடு தட்டுப்படுவது, சுற்றளவு வயதுக்கேற்பக் கூடாதது ஆகியவை இதன் அடையாளங்கள். இது தானாகச் சரியாகாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். சிறிய துளை வழியாகச் செய்யும் முறைக்கு முதல் சில மாதங்கள்தான் அவகாசம்.

6, 10, 14-வது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையம் போவீர்கள். அப்போதே டேப் வைத்துத் தலையை அளந்து அட்டையில் எழுதித் தரக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் இரண்டும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஹெல்மெட் வேண்டுமா?

நெதர்லாந்தில் மிதமான, ஓரளவு கடுமையான தட்டைத் தலை உள்ள 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. இரண்டு வயதில் முழுமையாகச் சரியானவர்கள் ஹெல்மெட் அணிந்தவர்களில் 26 சதவீதம், அணியாதவர்களில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மிகக் கடுமையான தட்டைத் தலை உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை. நிலைமாற்றமும் பிசியோதெரபியும் பலன் தராத அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் உண்டு.

ஒரு நாளில் 23 மணி நேரம் அதை மாட்டியிருக்க வேண்டும். மாதக்கணக்கில். கத்திரி வெயிலில், கரண்ட் போகும் வீட்டில், வியர்வைக்குழந்தைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கடன் வாங்கி முன்பணம் கட்டும் முன் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். விற்பவரே பரிசோதித்து "வேணும்" என்று சொன்னால், அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

நடுவில் பள்ளம் உள்ள 'தலை வடிவத் தலையணை'யை வாங்கவே வேண்டாம். மூச்சுத் திணறல் ஆபத்து உள்ளது, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் எச்சரித்தது. ஒரு வயது வரை கடுகுத் தலையணையும் தேவையில்லை. எண்ணெய்க் குளியலில் தலையை அழுத்தி உருட்டிவிடுவதையும் நிறுத்துங்கள். மெதுவாகத் தடவுவதில் தப்பில்லை.

சரியாகி வருகிறதா என்று பார்க்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள், முடியை நனைத்துப் படிய வைத்துவிட்டு. டாக்டரிடம் போகும்போது அந்தப் படங்களை வரிசையாகக் காட்டுங்கள்.