ஞானப்பல்லைப் பிடுங்கலாமா, வேண்டாமா?

"முளைச்சா உடனே பிடுங்கிடணும்" என்று ஒரு கூட்டம். "உப்புத் தண்ணி கொப்பளிச்சா போதும்" என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே தப்பு!

வலி, வீக்கம், சொத்தை எதுவும் இல்லாமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்று எடுக்க வேண்டாம் என பிரிட்டன் அரசின் நைஸ் அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது. கீழ்த்தாடை நரம்பு அந்த வேருக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதில் அடிபட்டால் உதடு மரத்துப் போகலாம். சும்மா கிடக்கும் பல்லுக்காக எதற்கு இந்த வம்பு?

ஆனால் ஈறு திரும்பத் திரும்ப வீங்கினால், பக்கத்துப் பல் சொத்தையானால் கதையே வேறு. அப்போது உப்புத் தண்ணீர் வலியைத் தள்ளிப்போடும், காரணத்தைத் தீர்க்காது. வாய் திறக்க முடியாமல் காய்ச்சலும் சேர்ந்தால் ஆபத்து.

மரக்காணம் உப்பளத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை, ஓய்வு நாளுக்குத்தான் பஞ்சம். அறுவை செய்து பல்லை எடுத்தால் இரண்டு மூன்று நாளாவது கடும் உழைப்பு கூடாது. உப்பு வாரும் பருவத்தில் அத்தனை நாள் கூலி போய்விடும். அக்டோபர் மழை வந்தாலோ வேலையே இல்லை, கையில் காசும் இல்லை! அங்கே பல்லின் தலையெழுத்தை எக்ஸ்ரே முடிவு செய்வதில்லை, கூலிதான் முடிவு செய்கிறது.

முதலில் கூலியோடு லீவு கொடுங்கள். அறிவுரையை அப்புறம் சொல்லலாம்.