வயதான எஞ்சினுக்கு வலிந்து மூச்சு ஊட்டலாமா?

என்னிடம் பௌதிகம் பயின்று இப்போது வேலையில் இருக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். தந்தையார் இருபது ஆண்டுகள் ஓட்டிய பெட்ரோல் கார் இப்போது அவரிடம் இருக்கிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. “மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, சார். சூப்பர்சார்ஜர் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்” என்றார். சேமிப்பில் பாதியை அதற்கென ஒதுக்கியும் விட்டார். “கொஞ்சம் பொறு, முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஆகவே எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது பெட்ரோல் அன்று, காற்றுதான். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே நுழைகிறது. சூப்பர்சார்ஜர், எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே இயங்கும் ஒரு காற்றழுத்தி. அது காற்றை நெருக்கி உள்ளே தள்ளுகிறது. 1885-இலேயே டைம்லர் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் இத்தகைய கார்களை வைத்தது.

வளிமண்டல அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் காற்றும் ஒன்றரை மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடாகும். 30 டிகிரி செல்சியஸ் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால், குறையே இல்லாத கருவியிலும் அது 67 டிகிரிக்கு ஏறும். கருவியின் பயனுறுதிறன் 60 சதவிகிதம் என்றால் 92 டிகிரியை எட்டும். சூடான காற்று விரியுமல்லவா? கணக்கிட்டால் அடர்த்தி ஒன்றேகால் மடங்குதான் ஆகிறது. அந்த இலாபத்திலும் ஒரு பகுதி கருவியைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது.

இனி நஷ்டத்தைப் பார்ப்போம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். பெட்ரோல் எரியும் கணத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோகிராம் என்று கொள்வோம். பிஸ்டனின் தலையில் இரண்டரை டன் எடை விழுகிறது! காற்றும் பெட்ரோலும் கால் பங்கு கூடினால் அது மூன்று டன்னைத் தாண்டும். ஒவ்வொரு வெடிப்புக்கும் இவ்வளவையும் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் ஆகியவைதான் தாங்க வேண்டும்.

அவை இதுவரை எவ்வளவு உழைத்திருக்கின்றன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 2,500 சுற்று ஆகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு 50 கோடிச் சுற்று! தேய்ந்த ரிங்கின் வழியே எண்ணெய் மேலேறும். எரியறையில் கரி படியும். இவ்விரண்டும், கூடுதல் சூடும் சேர்ந்தால், கலவையின் ஒரு பகுதி உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். இது தொடர்ந்தால் பிஸ்டனே உடைந்துபோகும்.

புதிய எஞ்சினுக்கே இந்த வைத்தியம் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டு. இங்கிலாந்தின் பென்ட்லி நாலரை லிட்டர் எஞ்சின் இயல்பாக 110 குதிரைத்திறன் தந்தது. பந்தய வீரர் பர்க்கின் அதில் சூப்பர்சார்ஜரைப் பொருத்திப் பந்தயத்துக்கென 240 வரை ஏற்றினார். எஞ்சினைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லியோ இதை விரும்பவில்லை. திறன் வேண்டுமானால் எஞ்சினையே பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1930-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பூட்டிய இரு பென்ட்லிகள் ஓடின. இரண்டுமே பாதியில் நின்றன. வென்றது, சூப்பர்சார்ஜர் இல்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி.

அப்படியானால் பழைய எஞ்சினில் இதைப் பொருத்தவே கூடாதா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். நன்கு பராமரித்த எஞ்சின், மிதமான அழுத்தம், அதற்கேற்ற பெட்ரோல் அளவு, பொறி நேரத்தில் திருத்தம் எல்லாம் அமைந்தால் அது தாங்கக்கூடும். ஓடிய கிலோமீட்டர் தீர்ப்புச் சொல்லாது, அளவுதான் சொல்லும். என் குறையெல்லாம், அளந்து பாராமல் பூட்டுவதைப் பற்றித்தான். நம் நாட்டில் சட்டமும் உண்டு: பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

அந்த இளைஞரை ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி அளந்தார்கள். மூன்று சிலிண்டர்களில் சதுர சென்டிமீட்டருக்குப் 11 கிலோகிராமுக்கு மேல், நான்காவதில் ஏழரைதான்! அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தபோது பத்துக்கு ஏறியது. எண்ணெய் இடைவெளியை அடைத்ததால்தான் அழுத்தம் கூடியது. ஆகவே கசிவு வால்விலன்று, ரிங்கில்தான் என்று தெரிந்தது.

ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாக நீர் ஊற்றுவதால் என்ன பயன்? ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இப்போது ரிங் மாற்றும் வேலை நடக்கிறது. இழந்த திறன் திரும்பினாலே வண்டி மேடு ஏறிவிடும் என்பது என் நம்பிக்கை. எந்த இயந்திரத்துக்கும் புதிய வலு சேர்க்க விரும்புகிறவர், அதன் பழைய வலு எங்கே போயிற்று என்று முதலில் கேட்க வேண்டும். மானியைக் கையில் எடுப்பது அதற்குத்தான்.