ஆக்கிரமிப்பு என்றொரு சொல்

பத்திரிகைகள் சாதியையும் சேரியையும் கிளறாமல் இருந்தாலே ஊர் அமைதியாக இருக்கும் என்று சொல்லும் நண்பர்கள் பலர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இலக்கியக் கூட்டங்களில் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு நாமும் வீடு திரும்பியிருக்கிறோம். அது பிழை. எழுதாமல் விடுவதால் கிடைப்பது அமைதி அன்று. ஒரு சாராரின் வாய் அடைபட்டதால் வந்த சந்தடியின்மை.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டிய கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் நீதிமன்ற உத்தரவின்பேரில் இடிக்கப்பட்டன. பள்ளிப் பொதுத்தேர்வுகள் தொடங்கியிருந்த நாட்கள் அவை. எதிர்ப்புத் தெரிவித்து அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே மாற்று வீடுகள் தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பக்கத்திலேயே வீடு தர இயலும் என்றால், அந்தக் கேள்வியை இடிப்பதற்கு முன்பே எழுப்பியிருக்க வேண்டியது யார்? செய்தித்தாள் அல்லவா? அதுவோ 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று எழுதிக் கடமையை முடித்துக்கொண்டது. வழக்கு மன்றத்தில் அது சட்டச்சொல்லாக இருக்கட்டும். தலைமுறைகளாக வாழ்கிறோம் என்று சொன்னவர்களைப் பற்றிய செய்தியில், அது விசாரணைக்கு முன்பே எழுதப்பட்ட தீர்ப்பு.

பெயரிடும் உரிமை யாருக்கு என்பது இந்நகரத்தில் பழைய வழக்கு. இழிவாக வீசப்பட்ட சொல்லையே தலைப்பாக்கி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார் அயோத்திதாசப் பண்டிதர். விலையே பெயராயிற்று, ஏழையும் வாங்கலாம் என்பது அதன் பொருள். மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறிய அவ்விதழை 1914இல் இறக்கும்வரை நடத்தினார். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்தான் இராயப்பேட்டை. ஆயினும் அவருடைய எழுத்துகள் பெருந்தொகுப்பாக வர 1999 ஆயிற்று, அதுவும் பாளையங்கோட்டையிலிருந்து. முதுகலைத் தமிழ் பயின்ற நாம், அவர் பெயரை வகுப்பறையில் கேளாமலே பட்டம் வாங்கினோம்.

அவ்விதழ்கள் கலகம் மூட்டவில்லை. வாதிட்டன, விண்ணப்பித்தன, வரலாற்றைத் திருப்பிப் படித்தன. தன் குறையைச் சொல்ல ஏடு இருப்பவன் தீயைத் தேடிப் போக வேண்டியதில்லை. பத்திரிகை அமைதிக்குச் செய்யக்கூடிய தொண்டு இதுதான்.

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது இரக்கம் அன்று. 'ஆக்கிரமிப்பு' என்று அச்சுக்கோக்கும் முன், கரையில் இருப்பவரிடம் ஒரு முறை கேளுங்கள்: 'உங்கள் இடத்தை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்?'