அம்மாவுக்குச் சூடு போதவில்லை



கோவையில் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டது. போன வாரம் குளித்துவிட்டு வந்த அம்மாவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "தண்ணி சுடலையாம்மா?" என்றேன். "அதெல்லாம் போதும் கண்ணு" என்றார். தோள்வலியால் சொம்பு தூக்க முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்து ஷவரில்தான் குளிக்கிறார். ஒரு மாதமாகவே தண்ணீர் சரியாகச் சுடவில்லையாம். எங்களுக்குச் செலவு வைக்க வேண்டாமென்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மெயினை அணைத்து, ஹீட்டர் டேங்க்கை வடித்து, காயிலை வெளியே எடுத்தார். உள்ளே உலோகம் இருப்பதே தெரியவில்லை. சுற்றிலும் முட்டை ஓடுபோல வெள்ளை உப்பு. தரையில் தட்டியதும் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும்தான் சிறுவாணி. குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு, சூடு பட்டதும் காயிலில் படிந்துவிடுகிறது. சூடு அந்த ஓட்டுக்குள்ளேயே தேங்கி நிற்க, பக்கத்திலிருக்கும் தெர்மோஸ்டாட் தண்ணீர் காயும் முன்பே கரண்டை நிறுத்திவிடுகிறது. "லைட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் அணைஞ்சாலே உப்பான்னு பாத்துருங்க்கா" என்றார். எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் ஊறவைத்துச் சுரண்டியதும் காயில் புதிதுபோல் ஆனது.

ஆனால் அம்மா குளித்து முடிப்பதற்குள் தண்ணீர் மறுபடியும் ஆறிப்போனது! பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் டேங்க்கில் 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 35 லிட்டர் வரும். வாளியில் பிடித்துக் குளித்தால் அது தாராளம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் எங்கள் ஷவருக்கோ மூன்றரை நிமிடம்தான். 6 லிட்டர் விடும் ஷவர் தலையை மாற்றினோம். இப்போது ஆறு நிமிடம் வரை சூடு நிற்கிறது.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் குழாயைக் குறைத்துத் திறந்து பாருங்கள். 3 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் சுமார் 7 டிகிரிதான் ஏற்றும். 2 லிட்டர் ஓடினால் 21 டிகிரி ஏற்றும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் ஹீட்டரின் சக்தி பத்துக்கு ஆறு பங்காகக் குறைந்துவிடும். அதனால் புது ஹீட்டர் வாங்கும் முன் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹீட்டரை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். எர்த்தும் சேஃப்டி வால்வும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்தவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தண்ணீர் சுடுகிறதா என்று கேட்டால் "போதும்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் குளிக்கும் நேரத்தில் ஒருநாள் ஷவருக்கடியில் நீங்களே கையை நீட்டிப் பாருங்கள்.

இன்று காலை குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. "முதுகுக்கு இதமா இருந்துச்சு கண்ணு" என்றபடியே அம்மா தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்