தூசிக்குப் பாண்டிச்சேரி எது, தமிழ்நாடு எது?

வாஞ்சூர்னு சொன்னாலே தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வேற ஒரு ஞாபகம்தான் வரும். சிரிக்காதீங்க :-) இந்தப் பதிவு 'அந்த' சமாச்சாரம் பற்றி இல்லை. பாட்டிலுக்கு எல்லையில செக்போஸ்ட் இருக்கு, பையைத் திறந்து பார்க்க ஆள் இருக்கு. அதே எல்லையைத் தினமும் தாண்டிப் போற இன்னொரு சரக்கு இருக்கு. அதுக்குச் செக்போஸ்ட் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. தூசி.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பூகோளப் பாடம். காரைக்கால் மாவட்டம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு. எங்களை ஆளுற பாண்டிச்சேரி வடக்கே 130 கிலோமீட்டர் தள்ளி. கோவில்பத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம் போனால் வாஞ்சூர். அங்கேதான் 2009இல் மார்க் நிறுவனம் ஆரம்பித்து, 2023இல் அதானி கைக்குப் போன துறைமுகம். முக்கியமான சரக்கு நிலக்கரி. அதுக்கு அந்தாண்டை நாகூர். நாகூர் தமிழ்நாடு.

இப்ப காற்றைக் கவனிங்க. ஆடிக் காத்து தென்மேற்கிலிருந்து அடிக்கும். தூசி கடல் பக்கம் போயிடும், பெரிய தொல்லை இல்லை. மார்கழி, தை மாசத்துல காத்து வடகிழக்கு. மழையும் ஓய்ந்திருக்கும். கரிக் குவியல் மேல பட்ட காத்து நேரா நாகூர் மாடிக்குத்தான் போகும். கொடியில காயற வெள்ளைத் துணியில கருப்புப் பொடி. நாகூர்க்காரங்க வருஷக்கணக்கா இதைச் சொல்லிப் புகார் கொடுத்தாங்க, தெருவுக்கும் வந்தாங்க.

ஆனா யார்கிட்ட கொடுக்கறது? துறைமுகத்தைக் கேள்வி கேட்க வேண்டியது பாண்டிச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். (யூனியன் பிரதேசத்துக்குத் தனி வாரியம் கிடையாது. மத்திய வாரியத்தோட அதிகாரத்தை இரவல் வாங்கி நடத்துற கமிட்டிதான்.) தூசி தின்கிற நாகூருக்கு இருப்பது தமிழ்நாட்டு வாரியம். அனுமதி கொடுத்தவனுக்கு இருமல் வராது. இருமுறவன்கிட்ட அனுமதியை ரத்து பண்ற பேனா கிடையாது. என் சண்டையே இந்த ஏற்பாட்டோடதான்.

'கரி சரி, துறைமுகம் பெரிய சமாச்சாரம், நம்ம தெருவுக்கு என்ன?'ன்னு கேட்கற ஆளுங்களுக்காக ரெடிமிக்ஸ் கதைக்கு வர்றேன். டெல்டாவுல பாறை கிடையாது. தோண்டினா வண்டல்தான். வீடு கட்டணும்னா ஜல்லி வெளியூர்லேர்ந்து லாரியில வரணும். அந்த ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் சேர்ந்து கான்கிரீட்டாகுற பிளாண்டுகள் இப்ப ஊர் ஓரம், நாலுவழிச் சாலை ஓரம்னு எங்கே பார்த்தாலும் வருது.

இதுல ஒரு வேடிக்கை. துறைமுகம் கட்டணும்னா 2006ஆம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அறிக்கை தயாரிக்கணும், மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கணும். அது எந்த அழகுல நடக்குதுங்கறது வேற விஷயம், பேருக்காவது ஒரு பந்தல் போட்டு மைக் வைப்பாங்க. ரெடிமிக்ஸ் பிளாண்ட் அந்த அட்டவணையிலேயே கிடையாது. 1981ஆம் வருஷத்து காற்றுச் சட்டப்படி நிறுவ ஒரு இசைவு, இயக்க ஒரு இசைவு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு விஷயம் தெரியறது, முதல் லாரி வந்து அவன் வீட்டு ஜன்னல் அதிரும்போதுதான். போதாக்குறைக்கு மத்திய வாரியம் 2016இல் போட்ட நிறப் பட்டியல்ல ரெடிமிக்ஸ் 'பச்சை'யா இருந்துச்சு. சிமெண்ட் பொடி சாம்பல் நிறம்னு நானும் நீங்களும் நினைச்சுக்கிட்டிருந்தோம்!

உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா கோபம் இன்னும் கூடும். டேங்கர் லாரி வந்து, அழுத்தக் காத்தால சிமெண்டை ஊதி உயரமான சைலோவுக்குள்ள ஏத்தும். உள்ளே போன காத்து வெளியே வரணுமில்ல? அது சைலோ உச்சியில இருக்கற பை வடிகட்டி வழியா வரணும். பை அடைச்சிருந்தா, இல்லை சைலோ நிரம்பினது தெரியாம ஊதினா, அழுத்தம் தாங்காம வால்வு திறந்துக்கும். திருநீறு கொட்டின மாதிரி ஊர் மேல சிமெண்ட் மழை. இதைத் தடுக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். சைலோ நிரம்பினா சத்தம் போடற அலாரம், தானா நிக்கற வால்வு, நேரத்துக்குப் பை மாத்தற ஒரு ஆள். போதும்.

அடுத்தது முற்றம். தூசியில பெரிய பங்கு சைலோவுல இல்லை, லாரி சக்கரத்துல இருக்கு. தரை மண்ணா இருந்தா ஒவ்வொரு லாரியும் ஒரு புழுதிப் புயல். நாள் முழுக்க கான்கிரீட் செய்யற இடத்துல, தன் முற்றத்துக்கு ஒரு கான்கிரீட் தளம் போட மனசு வராத முதலாளிகளை என்ன சொல்ல? கொல்லன் தெருவுல ஊசிக்குப் பஞ்சம்!

'எல்லாம் அளந்துதான் பார்க்கறோம், வரம்புக்குள்ள இருக்கு'ன்னு ஒரு பதில் வரும். இங்கேதான் சூட்சுமம். 2009 தேசிய காற்றுத் தர அளவுகோல்படி பி.எம்.10 என்கிற நுண்துகள், 24 மணி நேர சராசரியில ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். சராசரிங்கற வார்த்தையைக் கவனிங்க. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் முழுக்க அளவு 50. சைலோ வால்வு திறந்து 10 நிமிஷம் மட்டும் 5000ன்னு வெச்சுக்கோங்க. 10 நிமிஷத்துக்கு 50,000, மிச்சம் 1430 நிமிஷத்துக்கு 71,500, கூட்டி 1440ஆல் வகுத்தா 84 சொச்சம். பாஸ்! அறிக்கையில பச்சை டிக். அந்தப் பத்து நிமிஷம் திண்ணையில உட்கார்ந்திருந்த தாத்தாவோட நுரையீரல் மட்டும் சராசரி பார்க்காது. கருவியை எந்தத் திசையில வைக்கறோம்ங்கறது அடுத்த வித்தை. மார்கழியில வடக்குப் பக்கம் வெச்சு அளந்தா நாகூர் ஊட்டி மாதிரி தெரியும்.

சிமெண்ட் காரம் உள்ளது. ஜல்லி, மணல் தூசியில சிலிக்கா உண்டு. நுரையீரல்ல படிஞ்சா வர்ற சிலிக்கோசிஸுக்கு குணமாக்கும் மருந்து இன்னிக்கும் இல்லை. முதல்ல வாங்கிக்கறது பிளாண்டுல வேலை பார்க்கற ஆளுங்க, அடுத்தது பக்கத்துத் தெரு.

'சட்டம் இல்லையா?'ன்னா, இருக்கு. 2018 ஜனவரியில மத்திய அரசு கட்டுமானத் தூசிக்குன்னே விதி போட்டுச்சு. மணலை மூடி வை, திறந்தவெளியில அறுக்காதே அரைக்காதே, தண்ணி தெளி, தூசித் தடுப்புக்கு என்ன செய்யறேன்னு ஜனங்க பார்க்கற மாதிரி பலகை வைன்னு எல்லாம் இருக்கு. அந்தப் பலகையை உங்க ஊர்ல பார்த்தவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க.

இன்னொரு பக்கம் 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, காற்றுச் சட்டத்தை மீறினா ஜெயில்ங்கறதை எடுத்துட்டு 10,000 ரூபாய்லேர்ந்து 15 லட்சம் வரை அபராதம்னு ஆக்கிடுச்சு. (அபராதத்தைக் கட்டலைன்னாதான் ஜெயில் பேச்சு வரும்.) சின்ன பிளாண்டுக்கு 15 லட்சம் வலிக்கும். துறைமுகத்துக்கு அது டீ செலவு. நல்ல சேதியும் ஒண்ணு சொல்லணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சூழல் இழப்பீடு வசூலிக்கலாம்னு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆயுதம் கையில இருக்கு. வீசறாங்களான்னு பார்ப்போம்.

'அப்ப வளர்ச்சியே வேண்டாமா?'ன்னு அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். துறைமுகத்தை மூடுன்னு இங்கே யார் சொன்னது? ரெடிமிக்ஸே வேண்டாம்னும் சொல்லலை. தெருவுல ஜல்லியைக் கொட்டிக் கலக்கறதைவிட, ஒழுங்கா நடத்தற பிளாண்ட் எவ்வளவோ சுத்தம். நான் கேட்கறது அந்த 'ஒழுங்கா'வை மட்டும்தான். தூக்கி வேற இடத்துல போடறதும் தீர்வு இல்லை. சென்னைத் துறைமுகத்துல கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லி, 2011 அக்டோபரோட அது நின்னுச்சு. கரி எங்கே போச்சு? எண்ணூர் பக்கம். ராயபுரத்துக்காரன் துணி வெளுத்துச்சு, எண்ணூர்க்காரன் துணி கருத்துச்சு.

சரி, என்னதான் செய்யணும்? என் பட்டியல் சின்னது.

ஒண்ணு, இசைவு ஆணையில இருக்கற நிபந்தனைகளைத் தமிழ்ல எழுதி பிளாண்ட் வாசல்லயே மாட்டணும். ரெண்டு, காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம், பருவத்துக்குத் தகுந்தபடி கருவி வைக்கணும். சராசரியோட, மணிவாரி அளவையும் ஊர் பார்க்கற மாதிரி போடணும். மூணு, எல்லையோரத் தொழிற்சாலைன்னா அந்தாண்டை இருக்கற ஊராட்சிக்கும் வாரியத்துக்கும் தெரியப்படுத்தி, கருத்துக் கேட்ட பிறகுதான் இசைவு. பாண்டிச்சேரி கேட்க வேண்டியது நாகூரை. நாளைக்குத் தமிழ்நாடு தன் எல்லையில பிளாண்ட் வெச்சா எங்களைக் கேட்கணும். நாலு, அபராதம் கையாளுற டன் கணக்குல இருக்கணும்.

இதுல எதுக்கும் கோடிகள் வேண்டாம். எல்லைக்கோடு மனுஷன் போட்டது. அதை வெச்சு வரியைக் குறைக்கலாம், விலையைக் குறைக்கலாம். பொறுப்பைக் குறைக்கறதுக்கு அந்தக் கோட்டைப் பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

டிஸ்கி: 'நீ காரைக்கால்காரன், நாகூருக்கு ஏன் வக்காலத்து?'ன்னு கேட்கப் போறவங்களுக்கு: ஆடி மாசம் காத்து திரும்பும் சாமி. அப்ப துறைமுகத்துக்கு வடக்கே இருக்கறது நாங்கதான்.